முப்பதுக்கு யாரிடம் கேட்பது?

போன வாரம் ஒரு கம்பெனி வேன் என் மகளின் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கண்ணாடியை மட்டும்! காவ்யாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆபீஸ் போய்ச் சேர்ந்து, சிரித்துக்கொண்டே போனில் சொன்னாள். நான்தான் அவள் வீடு திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன்.

நாங்கள் இருப்பது தளி பக்கம். ஓசூருக்கு ஊர் நடுவே போகும் குறுகலான ரோடு ஒன்று உண்டு. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டால் வேன்காரர்களுக்கு அது ரோடு இல்லை... ரன்வே.

விடுவேனா? ஊராட்சித் தலைவி மஞ்சுளா வீட்டுக்கே போய்விட்டேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஊருக்குள்ள முப்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு போர்டு வைங்க. நீங்கதானே தலைவி?"

"அய்யோ மேடம்! நான் தண்ணி விடுவேன், தெரு லைட்டு போடுவேன். ரோடு ஹைவேஸ்காரங்கது. ஸ்பீடு இவ்ளோதான்னு கலெக்டர் ஆர்டர் போடணும். கிராம சபைல தீர்மானம் போட்டு அனுப்பறேன். அனுப்பறதுக்குத்தான் எனக்கு பவரு."

"அதுவரைக்கும்?"

"ஸ்பீடைக் குறைக்க எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் நீங்கதான் மனு போட்டு எடுத்துட்டீங்க!"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கொள்ளுச் செடி! இங்கே அறுப்பு முடிந்ததும் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்தே கொள்ளு உதிர்ந்துவிடும். காவ்யாவின் ஸ்கூட்டர் அதில் வழுக்கிவிடுமே என்று போன மாதம் மனு கொடுத்தது சாட்சாத் நானேதான். ரோடு பளிச்சென்று ஆனதும் வீட்டில் பாயசம் வேறு வைத்தேன்.

"கொள்ளு கெடந்த வரைக்கும் ஒரு வேனாவது பறந்துச்சா, சொல்லுங்க?"

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ரோடு ஒருவருடையது, ஆர்டர் இன்னொருவருடையது. பயம் மட்டும் பங்கு பிரிக்காமல் முழுசாக நமக்கு!

மறுநாள் காலை காவ்யா கிளம்பியதும், பின்னாலேயே என் பழைய காரை எடுத்தேன். நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, நடு ரோட்டில், முப்பதில். முந்திப் போக இடம் கிடையாது. பின்னால் ஹாரன் கச்சேரி. ஊர் எல்லை தாண்டி ரோடு அகலமானதும் ஒரு வேன்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

"ஏம்மா, வண்டி ஓட்டறியா, உருட்டறியா?"

"உருட்டறேன்" என்றேன்.

ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் காவ்யாவிடமிருந்து போன்.

"அம்மா, கேட்ல, அந்த வேன்ல வந்தவங்க எல்லாரும் 'மந்திரி மேடம் கான்வாயோட வந்தாச்சு'ன்னு ஓட்டறாங்க. இன்னொரு தடவை பின்னாடி வந்தே... நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்!"

சத்தியமாக வரமாட்டேன் என்றேன். கண்ணில் நீர் முட்டியது. அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த சந்தோஷமா, திட்டு வாங்கிய துக்கமா, தெரியவில்லை.

மத்தியானம் மஞ்சுளா கூப்பிட்டார்.

"மேடம், காலைல அத்தனை வேனும் உங்க பின்னால ஆமை மாதிரி போச்சாமே! ஊரே பேசுது. ஆர்டர் வர்ற வரைக்கும், சாயங்காலம் ஷிஃப்டு விடற நேரத்துக்கும் கொஞ்சம் வர்றீங்களா?"

காவ்யா வீடு திரும்புவதும் அப்போதுதான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!