ஆயுத பூஜைக்கும் நிற்காத கம்ப்யூட்டர்கள்

ஏசி குளிரில் சந்தனமும் கற்பூரமும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள்... எங்கள் கம்ப்யூட்டர் லேபில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும்தான் வரும்!

2009 என்று நினைக்கிறேன். மண்ணூர் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ். ஏரோநாட்டிகல் பிரிவில் நான் புது லெக்சரர். ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு போகின்றன. எனக்கு மட்டும் நினைப்பெல்லாம் ஒரு கணக்கின் மேல்.

விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிப் போகும் என்று கணக்குப் போட, நானே ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தேன். பிஎச்டியே அதை நம்பித்தான். ஓட விட்டபோதெல்லாம் பாதியிலேயே படுத்துவிடும். "இதுவும் சரிவரலன்னா டாபிக்கை மாத்திடும்மா" என்று கைடு சொல்லிவிட்டார்.

இந்த முறை லேபில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒன்றாகக் கோர்த்து ஓட விட்டிருந்தேன். எவ்வளவு பிழை என்று காட்டும் எண் இறங்குகிறது... இறங்கிக்கொண்டே இருக்கிறது! நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

அப்போதுதான் லேப் அசிஸ்டென்ட் தேசிங்கு அண்ணன் குங்குமக் கிண்ணத்தோடு வந்தார்.

"மேடம், எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. இன்னிக்கு மிஷினுக்கு ரெஸ்ட்டு."

"அண்ணா, இப்ப நிறுத்தினா என் பிஎச்டி போச்சு!"

திரையில் இறங்கும் எண்ணைக் குனிந்து பார்த்தார். "சரி, ஓடிக்கினே இருக்கட்டும். பொட்டு மேலதான வெக்கப்போறேன்? ஆனா பூஜ முடிஞ்சா மெயின இறக்கிடுவேன். வூட்டுக்குப் போணும்ல."

பூஜை முடிந்தது. பொரி வந்தது. பூஜைக்கு வந்த என் கிளாஸ் பசங்க யாரும் பஸ்ஸுக்குப் போகவில்லை. வாய் நிறையப் பொரியோடு, கிரிக்கெட் மேட்ச் பார்ப்பது போல என் மானிட்டரைச் சுற்றி நின்றார்கள். தேசிங்கு அண்ணன் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில்.

திடீரென்று எண் நின்றுவிட்டது.

"இன்னா மேம், ஹேங் ஆயிட்ச்சா?" என்றான் ஒரு பையன்.

கடைசி வரியைப் படித்தேன். மறுபடி படித்தேன்.

"டேய்... முடிஞ்சிடுச்சுடா! விடை வந்துடுச்சு!"

அப்படி ஒரு விசில்! யாரோ பூஜை மணியை எடுத்து அடித்தார்கள்.

"அப்ப இறக்கிடலாமா?" என்றார் தேசிங்கு அண்ணன்.

"ஐயோ, பென்டிரைவ்ல காப்பி பண்ணிக்கிறேண்ணா!"

இப்போது நான் ப்ரொபசர். அதைவிடப் பெரிய கணக்கெல்லாம் வேறு ஏதோ ஊரில் இருக்கும் சர்வரில் ஓடுகிறது. முடிந்ததும் போனுக்கு மெயில் வரும். போன வாரம் வந்தபோது மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை... சொல்ல ஆளில்லாமல் கடைக்கார அம்மாவிடமே சொல்லிவிட்டேன், "என் ப்ரோகிராம் வேலை செஞ்சிடுச்சும்மா!"

"நல்லதும்மா" என்றார். "அரைக் கிலோ போதுமா?"