மூன்றாம் இடம் வாங்கிய அக்கா

எங்கள் கிணற்று மேட்டில் அக்கா தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கால் விரல்கள் மட்டும் கருங்கல்லைப் பற்றியிருந்தன. குதிகால்கள் இரண்டும் அந்தரத்தில் இருந்தன. நான் எதிர்ப்பக்கப் படியில் உட்கார்ந்து, கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றுத் தண்ணீர் அசையாமல் கிடந்தால், சுழன்று விழுகிறவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அந்தக் கற்கள். "நிறுத்தாதடி, போட்டுக்கினே இரு" என்று சொல்லிவிட்டு அவள் கைகளை மேலே தூக்கினாள். உடம்பு பின்னால் சாய்ந்தது, வளைந்தது, நேரானது. தண்ணீர் அதிகம் தெறிக்கவில்லை. வரப்பில் நின்றிருந்த என் அப்பா, "பொண்ணுங்களா, ஜல்தி மேல வாங்க, மோட்டார் போடணும்" என்று கத்தினார்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. விழுப்புரத்தில் நான் படித்த கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். அவளுடைய வீடு மரக்காணத்தை ஒட்டிய ஒரு கடற்கரைக் குப்பத்தில் இருந்தது. அப்பா படகில் மீன்பிடிக்கப் போகிறவர். எனக்குப் பிரம்மதேசம் பக்கம். நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுவோம். இருவரும் காலையில் திண்டிவனம் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரே பஸ்ஸில் விழுப்புரம் போவோம். அவ்வளவுதான் பழக்கம். கல்லூரியின் விளையாட்டு ஆசிரியையை எல்லாரும் பி.டி. மேடம் என்போம். அவர் ஒருநாள் வகுப்பு வகுப்பாக வந்து, தலைகீழாகத் தண்ணீரில் குதிக்கத் தெரிந்த பெண்கள் யாராவது உண்டா என்று கேட்டார். நீந்துவதற்கு ஆள் இருக்கிறார்களாம், பல்கலைக்கழக அணியில் டைவிங்குக்குத்தான் பெண்களே இல்லையாம். கல்லூரி முழுவதிலும் கை தூக்கியது நாங்கள் இருவர் மட்டும்தான். கிணற்றில் குதித்தே வளர்ந்தவள் நான். படகின் விளிம்பிலிருந்து குதித்து வளர்ந்தவள் அவள்.

குதிப்பதும் டைவிங்கும் வேறு வேறு என்பது சென்னைக் குளத்துக்கு முதல்முறை போனபோதுதான் புரிந்தது. ஸ்பிரிங் போர்டு என்ற அந்தப் பலகை நம்மைச் சும்மா விடாது. அது கீழே போகிற நேரத்தில் நாமும் போக வேண்டும், மேலே வருகிற நேரத்தில் அதோடு எழும்ப வேண்டும். கொஞ்சம் பிசகினால் முழங்கால் மடங்கிவிடும், அல்லது பலகை நம்மை ஒரு பக்கமாகத் தூக்கி எறிந்துவிடும். நான் முதல் நாள் முழுக்க வயிறு தண்ணீரில் அறைபட்டுச் சிவந்து போனேன். அந்தக் குளத்துக்கு அடிக்கடி போக எங்களுக்கு வழியில்லை. ஆகவே கல்லூரி மைதானத்தில் நீளம் தாண்டுவதற்காகக் கொட்டியிருந்த மணலில் நடையும் எம்பலும் பழகினோம். பிள்ளைகள் வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிணறு.

அக்காவுக்குப் பலகை ஒத்துவரவில்லை. அவளுக்கு மேடைதான். அசையாத சிமெண்டு மேடை, மாடி உயரத்தில். நான் அதில் ஏறினால் விளிம்புக்குப் போகாமலே திரும்பிவிடுவேன். அவள் துண்டைச் சுற்றிக்கொண்டே ஏணியடிவரை வருவாள். நீச்சல் உடையில் யார் கண்ணிலும் படக் கூடாது என்ற கூச்சம் கடைசிவரை போகவில்லை. துண்டைக் கைப்பிடியில் போட்டதும் வேறு ஆளாகிவிடுவாள். மேலே போய் நின்றதும் அவள் முகத்தில் ஓர் அமைதி வரும். அந்த முகத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, பஸ்ஸில்கூட.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. ஓட்டப்பந்தயத்துக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாள். "நீச்சல் டிரஸ்ஸுன்னு தெரிஞ்சா அன்னியோட காலேஜே நிறுத்திடுவாங்க" என்பாள். அவளுக்குப் போலீஸ் வேலை வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் மெடல் வாங்கினால் விளையாட்டுக்கான ஒதுக்கீட்டில் சேரலாம் என்று பி.டி. மேடம் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா கடலு எப்ப குடுக்கும் எப்ப குடுக்காதுன்னு பாத்துக்கினே காலத்த ஓட்டிட்டாரு. எனக்கு மாசமானா சம்பளம் வர்ற வேலை வேணும்டி" என்று பஸ் ஜன்னலைப் பார்த்தபடி ஒருமுறை சொன்னாள்.

வடக்கே ஒரு நகரத்தில் போட்டி. கிளம்புவதற்குச் சில நாள் முன்பு சென்னையில் கடைசிப் பயிற்சி. மேல் மேடையிலிருந்து பின்பக்கமாகச் சுழன்று குதித்தபோது அக்கா ஒரு கணம் அதிகமாகச் சுழன்றுவிட்டாள். கைகளுக்குப் பதிலாக முகம் தண்ணீரில் பட்டது. அந்தச் சத்தத்தில் குளத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீரும் தரைபோலத்தான். மேலே வந்தபோது இடப்பக்கக் கன்னம் முழுக்கச் சிவந்து, கண் கோவைப்பழமாக இருந்தது. துண்டால் ஒற்றிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

ரயிலில் இரண்டாம் நாள் சாயங்காலம், எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணோரத்துல மின்னல் வெட்டுறாப்புல இருக்குடி. கண்ண மூடினாலும் வெட்டுது. கொசு மாரி கறுப்பா என்னமோ பறந்துகினே இருக்கு."

"மேடத்துகிட்ட சொல்லலாம்க்கா."

"சும்மா இரு. சொன்னா குதிக்க வுடமாட்டாங்க. இத்த முடிச்சிட்டு ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மூடினாலும் மின்னுகிறது என்று அவள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டி நாள் காலை, குளத்துக்குப் போனதும் பி.டி. மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே அக்காவைக் கூப்பிட்டார். அவர் நல்லவர், எங்களை அதட்டிக்கூடப் பேசியதில்லை.

"கண்ணுக்கு என்னம்மா? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் இல்ல மேடம். குளத்துல போடுற மருந்து ஒத்துக்கல. எரியுது, அவ்ளோதான்."

மேடம் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இரண்டு கண்ணும் திறந்திருக்க, அக்கா சரியாகவே சொன்னாள். "பயமா இருந்தா வேணாம்மா, போட்டி எங்கயும் போயிடாது" என்றார் மேடம். "எனக்குப் போயிடும் மேடம்" என்றாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்கவே இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், அங்கே குளிர் ஆரம்பித்திருந்தது. குளத்தின் மேல் புகைபோல ஆவி நின்றது. பெரிய ஊர்களிலிருந்து வந்த பெண்கள் முதுகில் பெயர் போட்ட உடைகளோடு, காதில் பாட்டுக் கேட்டபடி கைகால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். என் முறை முதலில், ஸ்பிரிங் போர்டில். பலகையின் நுனியில் நின்றபோது சுற்றிலும் இருந்த சத்தம் எல்லாம் அடங்கி, என் மூச்சு மட்டும் கேட்டது. மணலில் எத்தனையோ முறை பழகிய அந்த நடை அன்று என் காலுக்கே மறந்துவிட்டது. சுழற்சியிலிருந்து உடம்பை நேராக்கத் தாமதித்தேன், தொடை அறைபட்டது. நடுவர்கள் உயர்த்திய எண்களைப் பார்க்காமலே துண்டைத் தேடிப் போனேன். கடைசிக்கு முந்தைய இடம். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. என் கண்ணெல்லாம் மேல் மேடையில் இருந்தது.

அக்கா ஒவ்வொரு முறையும் ஏறினாள், குதித்தாள், ஏணியைப் பிடித்து வெளியே வந்தாள். கடைசிக் குதிப்புக்கு முன்னால் அவள் நான்காவது. மிச்சம் இருந்தது முகத்தில் அடிபட்ட அதே பின்பக்கக் குதிப்பு. குளத்துக்காரர் ஒருவர் குழாயால் தண்ணீர் பீய்ச்சி, மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். அக்கா முதுகைக் காட்டி நின்றாள். வெகுநேரம் நின்றதுபோல எனக்குத் தோன்றியது. பிறகு எழும்பினாள். சுழன்று, நீண்டு, துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு தண்ணீருக்குள் போனாள். ஒரு குவளைத் தண்ணீர்கூட மேலே எழவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேலே வந்தவள் ஏணியைப் பிடிக்கக் கை நீட்டினாள். கை ஏணிக்கு இடப்பக்கமாகப் போய், வெறும் தண்ணீரைப் பிடித்தது. மறுபடியும் துழாவினாள். என் கை தட்டுவது அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாம் இடம். மெடல் போட வந்தவர் அவளுடைய இடப்பக்கமாக வந்தார். அவர் கை கழுத்தில் பட்ட பிறகுதான் ஆள் இருப்பதே தெரிந்து திடுக்கிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், கூச்சம் என்று நினைத்து.

திரும்பி வந்த ரயிலில் அவள் என்னோடு பேசவில்லை. திண்டிவனத்தில் மரக்காணம் பஸ்ஸில் கால் வைத்தபோது மட்டும் திரும்பி, "நீ ஏண்டி சொன்ன? போட்டிய வுட்டு எறக்கியிருந்தாங்கன்னா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. சொன்னது தவறு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை, அதுதான்.

கண்ணைப் பற்றி வீட்டில் சொன்னால் குதித்ததையும் சொல்ல வேண்டும். அதனால் அவள் சொல்லாமலே நாட்களைக் கடத்தினாள். கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பை அவள் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பதை அம்மா கவனித்தபோதுதான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணுக்குள் இருக்கும் மெல்லிய படலம் கிழிந்து கழன்றுவிட்டது, உடனே வந்திருந்தால் ஒட்டவைத்திருக்கலாம் என்றார்களாம் டாக்டர்கள். இருந்தும் ஆபரேஷன் செய்தார்கள். பார்வை வரவில்லை.

நான் அவள் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. கதவு வழியாக அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி, "தூங்குதும்மா" என்றார். அப்போது பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் விசாரிக்க வந்தார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னார்: "தீவாளிக்குப் பட்டாசு பட்டுடுச்சு. யாரோ எறிஞ்சது, இவ மேல வந்து வுழுந்துச்சு." நான் தலையாட்டினேன். உள்ளே பாதங்கள் அசைந்தன. தூங்கவில்லை.

அதற்கப்புறமும் அவள் போலீஸ் தேர்வுக்குப் போனாள் என்று பி.டி. மேடம் சொல்லித்தான் தெரியும். ஓடினாளாம், தாண்டினாளாம், எல்லாவற்றிலும் முதல் சிலருக்குள் வந்தாளாம். கண் பரிசோதனையில் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். அவள் கையை எடுத்து, தானாகவே வெளியே வந்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. சென்னையில் வளர்ந்த தூரத்துச் சொந்தக்காரர், ஐஸ் லாரி ஓட்டுகிறவர் என்று யார் மூலமோ கேள்விப்பட்டேன்.

நான் இப்போது விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறேன். போன மாதம் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, திண்டிவனம் பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். துணிப்பையும் கையுமாக, கொஞ்சம் பருத்து, நெற்றியில் பெரிய பொட்டோடு நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. நான் நின்றது இடப்பக்கம். அப்படியே போய்விடலாம், அவளுக்குத் தெரியாது. அந்த நினைப்பு வந்து போனது. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தேன்.

"ஐய, நீயா! எப்பலேர்ந்து நின்னுகினு இருக்க?"

"இப்பதான்க்கா வந்தேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அப்பா எப்படி இருக்கிறார், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, கம்பி வலை போட்டு மூடிவிட்டோம் என்றேன். தலையாட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு வந்துகினு இருக்காரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. பட்டாசுன்னே இருக்கட்டும்டி, என்ன?" என்றாள். சரி என்றேன். என்மேல் இன்னும் கோபமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பைக் வந்து நின்றது. முன்னால் ஒரு சிறு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது.

"காலேஜுல கூடப் படிச்ச பொண்ணு" என்றாள் அக்கா. அவர் வணக்கம் சொன்னார். கலகலப்பான மனிதர். "ஒருநாள் குடும்பத்தோட மரக்காணம் வாங்க, பீச்சுக்குப் போலாம்" என்றவர், அக்காவைக் காட்டிச் சிரித்தார். "ஆனா இவ வரமாட்டா. பொறந்தது கடக்கரையில, தண்ணின்னா அப்படி ஒரு பயம். கொழந்தையக் கூட கால் நனைக்க வுடமாட்டா."

குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. "ஆன்ட்டி, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கம்மாவுக்குத் தெரியாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா, அம்மாவுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி மரக்காணம் சாலையில் திரும்பியது. விழுப்புரம் பஸ் வந்து நின்று, கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.