தலையிடிக்கு எழுதித் தந்த வரி

அம்மாவுக்கு டாக்குத்தர் எழுதித் தந்த பழைய மருந்துத் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலே அம்மாவின் பெயர், வயது, ‘தலையிடி’ என்ற ஒற்றைச் சொல். நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு குளிசைகளின் பெயர்கள். அடியில், தமிழைப் பிந்திப் படித்தவர் வரைந்ததைப் போன்ற குண்டு எழுத்துகளில் ஒரு வரி: ‘கோபத்தை விழுங்க வேண்டாம்.’ தேதியில் ஜூலை மாதம் தெரிகிறது. ஆண்டு இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. ஆனாலும் அது நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. துண்டின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு பின்னக் கணக்கு இருக்கிறது. விடை பிழை.

அப்பா சுழியோடி. திருகோணமலை உட்துறைமுகத்தில் வள்ளக்காரர் தவறவிட்ட நங்கூரங்களையும் எஞ்சின்களையும் தேடி எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். சிலிண்டர் எதுவும் கிடையாது. தண்ணீருக்குள் பார்க்க ஒரு கண்மூடி, இடுப்பில் ஒரு கயிறு, நெஞ்சு நிறைய மூச்சு, அவ்வளவுதான்.

மூச்சே முதல் என்பதால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. தண்ணீரில் இறங்கப் போகிறவரிடம் மனம் கோணும்படி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. கோபம் மூச்சைத் தின்றுவிடும் என்பது அப்பாவின் பரம்பரையில் வந்த நம்பிக்கை. மூடநம்பிக்கை என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. கோபமோ பயமோ வந்தால் இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளே இருக்கும் மூச்சு சீக்கிரம் செலவாகிறது என்று பிற்காலத்தில் நானும் படித்திருக்கிறேன். அந்தச் சட்டத்தை வகுத்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சொல்லாத சொல் எங்கே போய்த் தங்கும் என்பதுதான் அது.

காலையில் சொல்லக்கூடாது, இறங்கப் போகிறார். மாலையில் சொல்லக்கூடாது, களைத்து வந்திருக்கிறார், நாளைக்கும் இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை அப்பா கடலுக்குப் போவதில்லை. ஆனால் அன்று மத்தியானம் கோயிலுக்குப் போய்வந்த கையோடு அப்பாவின் தமக்கை, அதாவது என் மாமி, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். அடுத்த ஒழுங்கையில்தான் அவர் வீடு. அந்தச் சட்டத்தின் காவலாளியும் அவர்தான். ஆகவே மாரி தொடங்கி, தண்ணீர் கலங்கி, அப்பா வள்ளங்களுக்குப் பழுது பார்க்கப் போகும் மாதங்கள்தான் எங்கள் வீட்டின் சண்டைக் காலம். ஐப்பசியில் மழையோடு சேர்ந்து அம்மாவும் தொடங்குவார். தை பிறக்கும்போது எல்லாம் சொல்லி முடிந்து வீடு அமைதியாகிவிடும்.

அம்மாவின் தலையிடி சித்திரையில் வரும். கடல் அடங்கியிருக்கும் மாதங்கள் முழுவதும் இருந்து, மாரி பிறக்கப் போய்விடும். வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

நான் சொல்லும் அந்த ஆண்டில் தலையிடி எல்லை மீறிப் போனது. வெளிச்சம் பட்டால் வாந்தி எடுத்தார். குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் புல்மோட்டையிலிருந்து பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார்: கடலட்டை எடுக்கும் வள்ளம் ஒன்றில் அப்பாவுக்குப் பங்கு தரலாம், குடும்பத்தோடு வந்துவிட வேண்டும். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமி மட்டும் நாங்கள் போய்விட்டதைப் போலவே கதைக்கத் தொடங்கியிருந்தார். அம்மாவுக்கோ வருகிற ஜனவரியில் திருகோணமலையிலேயே, பாலையூற்று முன்பள்ளியில் ஒரு வகுப்பு தருவதாக வாக்களித்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஆனை, ஆமை, வாத்து என்று மட்டையில் வெட்டி நிறம் தீட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். புல்மோட்டைக்குப் போனால் அந்த ஆனையும் ஆமையும் அலுமாரிக்கு மேலேயே இருந்துவிடும். இதை அப்பாவிடம் சொல்ல மாரி வரும் வரை காத்திருக்க வேண்டும். மாரிக்கு முன்னரே வீடு மாறிவிடும்.

டாக்குத்தரிடம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்குத்தர் ஒரு சிங்களப் பெண். அண்மையில்தான் தமிழ் கற்றிருந்தார். கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் ஒருதரம் போய்வரச் சொன்னார். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டார்.

“கோவம் வந்தா அம்மா என்ன செய்றது?”

“எனக்குக் கோவம் வாறேல்லை.”

“வரும் டொக்டர்,” என்றேன் நான். “வந்தால் தேங்காய் துருவுவா.”

அம்மா மேசைக்குக் கீழே என்னைக் கிள்ளினார். டாக்குத்தர் என் பக்கம் திரும்பினார். “நிறையத் தேங்காயா?”

“எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் தேங்காய்ச் சம்பல்தான்.”

அவர் சிரிக்கவில்லை. யோசித்து யோசித்து அந்தக் கடைசி வரியை எழுதினார். அம்மா அதை வாசித்துவிட்டு, மற்றக் குளிசைகளைப் பற்றிக் கேட்ட அதே பணிவோடு கேட்டார்:

“இது சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ, டொக்டர்?”

அம்மா பகிடி விடவில்லை. டாக்குத்தர் எழுதியது எதுவாக இருந்தாலும் அதை எடுக்க ஒரு நேரம் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். டாக்குத்தரும் பகிடியாக எடுக்கவில்லை.

“வந்தா உடனே, அம்மா. வெச்சிருந்தா பழுதாப் போகும்.”

குளிசைகளை அம்மா அன்றே தொடங்கினார். வரியைத் தொடங்கச் சில நாள் எடுத்தது.

வரியைத் தொடங்கிய அன்று, விடிந்ததும் அப்பா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரிய வேலை ஒன்று காத்திருந்தது. ஒரு பைபர் வள்ளத்தின் புது எஞ்சின் கழன்று ஆழத்தில் விழுந்திருந்தது. வேறு சுழியோடிகள் தேடிவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“தம்பி, அண்ணன் போன் எடுத்தவன். புல்மோட்டையில வீடு ஒண்டு பார்த்திட்டானாம். கிணறும் இருக்காம். ஆவணியில வரச் சொல்லுறான்.”

அம்மா குசினி வாசலில் துருவலையோடு நின்றார். கையில் பாதித் தேங்காய். அதை மெல்லக் கீழே வைத்தார்.

“நான் வரேல்லை.”

மாமிக்கு விளங்கவில்லை. “எங்கை?”

“புல்மோட்டைக்கு. நான் வரேல்லை. எனக்கு இஞ்சை வேலை இருக்கு. மாசியில இவரிட்டைச் சொன்னனான். நல்லது எண்டவர். பிறகு மறந்திட்டார்.”

“ஐயோ பிள்ளை!” மாமி நெஞ்சில் கை வைத்தார். “தண்ணிக்குள்ள இறங்கப் போறவனிட்டைக் கதைக்கிற கதையே இது? வாயை மூடு!”

“மச்சாள், இவர் எப்பதான் தண்ணிக்குள்ள இறங்காமல் இருக்கிறவர்? மாரி வரும் மட்டும் நான் பொறுத்தால், பிறகு புல்மோட்டையில இருந்துதான் கதைக்க வேணும்.”

அதோடு நின்றிருந்தால் அது ஒரு பதிலாக இருந்திருக்கும். ஆனால் அம்மா ‘வந்தா உடனே’ என்பதை முழுமையாகக் கடைப்பிடித்தார். சித்திரையிலிருந்து சேர்ந்ததெல்லாம் வரிசை பிசகாமல் வந்தது. தன்னைக் கேட்காமல் அப்பா இரவல் கொடுத்த, உட்காரப் போட்டிருந்த இரண்டு கதிரைகள். சித்திரை வருசத்துக்குப் போவதாகச் சொல்லிப் போகாமல் விட்ட அம்மாவின் தங்கை வீடு. வெள்ளிக்கிழமைகளில் மாமி சாப்பிட்டுக் கழுவாமல் விட்டு எழும்பிப் போகும் சாப்பாட்டுக் கோப்பை. அம்மாவின் குரல் உயரவேயில்லை. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமியின் வாய் திறந்தபடியே இருந்தது.

அப்பா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். கண்மூடியை எடுத்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

“அவனுக்கு ஏதும் நடந்தால் பார்,” என்றார் மாமி.

அப்போதுதான் அம்மாவின் முகம் வெளுத்தது. ஒழுங்கை முனையில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டு என்னையும் ஏற்றினார். மாமி கூப்பிடாமலே ஏறிக்கொண்டார். வழி முழுவதும் மாமி தேவாரம் முணுமுணுத்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மறுகையில் தேங்காய்ப்பூ இன்னும் ஒட்டியிருந்தது.

நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஏற்கனவே ஒரு வள்ளத்தில் நின்றார். கரையிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். எங்களை அவர் கண்டாரா என்று தெரியவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு தலைகீழாக இறங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. மாமி கண்ணை மூடினார். அம்மா மூடவில்லை. அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

முதல் முறை வெறுங்கையோடு வந்தார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். “சொன்னனான்தானே,” என்றார் மாமி. இரண்டாம் முறை இறங்கினார். கயிறு நீளமாகப் போனது, பிறகு நின்றது. நின்றபடியே கிடந்தது. வள்ளத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா தன்னை அறியாமல் தண்ணீருக்குள் இரண்டு அடி வைத்துவிட்டார். சேலைக் கரை நனைந்தது.

கயிறு துடித்தது. ஒருதரம், இன்னொருதரம். “இழு! இழு!” என்று வள்ளத்தில் கத்தினார்கள். முதலில் அப்பாவின் தலை வந்தது. பின்னால், அடியில் அவர் கயிற்றில் கட்டிவிட்ட அந்த எஞ்சின் சேறு வழிய வந்தது. துறை முழுவதும் விசிலும் கைதட்டலும். வள்ளத்தின் சொந்தக்காரர் அழுதே விட்டார். அப்பா கண்மூடியை நெற்றிக்கு ஏற்றி, கரையைப் பார்த்து, எல்லோரும் கேட்கக் கத்தினார்:

“இஞ்சேர்! சொல்லி முடிச்சிட்டியோ, இன்னும் கிடக்கோ?”

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“இன்னும் கிடக்கு! வீட்டுக்கு வாங்கோ!”

துறையே சிரித்தது. மாமியும் சிரித்தார். பிறகு சிரித்ததற்காகத் தன் வாயிலேயே மெல்ல அடித்துக்கொண்டார்.

மாலையில் அப்பா சொன்னது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. மிச்சத்தையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “நீ ஏசினது கடலடியில எனக்கு ஞாபகமே வரேல்லை. நீ பேசாமல் இருக்கிற நாளிலதான் உன்ர முகம் தண்ணிக்குள்ள வந்து நிக்கும். அப்பதான் மூச்சுக் குறையும்.”

நாங்கள் புல்மோட்டைக்குப் போகவில்லை. ஜனவரியில் ஆனையும் ஆமையும் வாத்தும் அலுமாரியிலிருந்து இறங்கி முன்பள்ளிக்குப் போயின. மாமி அடுத்த வெள்ளியும் சாப்பிட வந்தார். ஆனால் வந்ததும் அம்மாவிடம் கத்தியை வாங்கி வெண்டிக்காய் வெட்ட உட்கார்ந்தார். அதன் பின்னர் வந்த சித்திரையிலும் வெயில் அதே வெயில்தான். அம்மாவுக்குத் தலையிடி வரவில்லை. எங்கள் வீட்டில் சம்பலும் குறைந்துபோனது. எனக்கு அது மட்டும் கொஞ்சம் கவலை.

பள்ளிக்கூடத்தில் ‘நான் கண்ட மறக்க முடியாத காட்சி’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, எஞ்சின் மேலே வந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அம்மா அதில் இல்லை. கைதட்டல் அப்பாவுக்குத்தானே கிடைத்தது, வென்றவர் அவர்தான் என்று நினைத்தேன். துறையில் அன்று நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் கையைப் பிடித்தபடி, பயந்துகொண்டே ஒருவர் தன் சொல்லில் நின்றதை நான் பார்க்கத் தெரியாமல் நின்றேன்.

இதை எழுதி முடித்த பிறகும் ஒரு விடயம் மிச்சமிருக்கிறது. மருந்துத் துண்டோடு குத்தியிருந்த இன்னொரு தாள், அம்மாவின் முதல் மூக்குக்கண்ணாடிக்கான பற்றுச்சீட்டு. அதுவும் அதே ஜூலை. நாள் எழுதிய இடத்தில் கடையின் முத்திரை விழுந்து மை பரவிவிட்டது. தலையிடியை நிறுத்தியது அன்று காலை பேசிய பேச்சா, கண்ணாடியா? அம்மாவைக் கேட்டால் பேச்சு என்கிறார். அப்பாவைக் கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணாடி என்கிறார். உடனே அதற்கும் ஒரு ஏச்சு விழுகிறது. அந்த ஜூலையில் எது முந்தி வந்தது என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.