இனி உனக்க ஊழம்

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் நான் என் கணவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பெயர் சொல்லும் வழக்கமே எங்கள் பக்கத்தில் கிடையாது. என் அம்மா அப்பாவை ‘கேட்டியளா’ என்பாள். தனியாக இருக்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தேன். என் வாய்க்குள் அம்மா உட்கார்ந்து பேசுவது போலிருந்தது, சிரிப்பு வந்துவிட்டது. அதனால் இருமுவேன், இல்லையென்றால் வளையலைக் குலுக்குவேன். மனுஷன் பாறசாலையில் அவர்கள் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் இருமலுக்கு ஓடி வருவார்.

அவருக்கு வளைகுடாவில் வேலை, இரண்டு மாத லீவு. பெட்டி நிறைய மற்றவர்களுக்குச் சேலையும் சோப்பும் கொண்டுவந்தவர், தனக்கென்று வைத்திருந்தது உள்ளங்கையளவு சாம்பல் நிற வீடியோ கேம் ஒன்றைத்தான். அதில் ஓர் இளவரசன், வாள்காரர்கள், குதிரைக்காரர்கள், நெருப்பு கக்கும் பறக்கும் மிருகங்கள். நம் ஆட்களை நாம் கட்டம் கட்டமாக நகர்த்தி முடித்த பிறகு எதிரி நகர்த்துவான். நாம் எத்தனை நாள் யோசித்தாலும் அவன் காத்திருப்பான். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, ஒன்றும் விளங்காது. செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். காயத்தை ஆற்றுவதற்குக் கையில் கோலோடு ஒரு பெண் இருந்தாள். ஓர் அடி தாங்கமாட்டாள். ஆனால் அவள் இல்லாமல் கடைசிக் கோட்டையைப் பிடிக்க முடியாது. அவள் போய்விட்டால் அந்தச் சண்டையையே முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கோட்டைக்கு முன்னால் ஒரு பாலம். அந்தப் பாலத்தில் அவர் ஒரு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. உதியன்குளங்கரையில் பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறும் கூட்டம் மாதிரி எல்லோரையும் ஒரே நேரத்தில் முன்னால் தள்ளுவார். பக்கத்திலிருந்து பார்க்கிற எனக்கு வயிறு எரியும். பிறந்ததிலிருந்தே நான் வாய்த்துடுக்குக்காரி. மூன்று வாரம் சும்மா இருந்ததே பெரிய காரியம்.

திருப்புறத்தில் அவருடைய சித்தி வீட்டு விருந்தில்தான் வாய் திறந்தது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து ஆட, நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோல்காரப் பெண்ணை நேரே பாலத்துக்குக் கொண்டுபோனார்.

“எலே! அவளெ எதுக்குலே முன்னால விடுத? சாவப் போறாளாக்கும்!”

சித்தி பழத்தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். காது மந்தமான சித்தப்பா மட்டும், “ஆரு சாவப் போறது?” என்று கேட்டார். என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. காது இரண்டும் சிவக்க, அந்தப் பெண்ணை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி, அவருடைய அம்மா, என்னை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடி சொன்னாள். “எலேன்னு அவனெ விளிக்கது நானாக்கும். நீ வேற எதாவது பாத்துக்கோ.”

நியாயம்தான். நான் மறுபடி இருமலுக்குப் போனேன்.

லீவு முடிந்தது, பாலம் முடியவில்லை. விமான நிலையத்தில் அவர் அந்த வீடியோ கேமை என் கையில் வைத்து, “இனி உனக்க ஊழம்” என்றார். இனி நகர்த்த வேண்டியது நான் என்று பொருள். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், நன்றாகவே அழுதேன்.

பிறகு கடிதத்தில் ஆடினோம். நான் ஒருமுறை நகர்த்தி, எதிரி நகர்த்தியதும் ஆட்டத்தை அப்படியே பதிந்து அணைத்துவிட்டு, பேனாவால் கட்டம் வரைந்து அனுப்புவேன். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அவர் எழுதுவார். போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம். அதுவரை இளவரசன் கைக்குட்டையில் சுருண்டு அலமாரியில் தூங்குவான். பென்சில் பேட்டரிக்கு அத்தனை ஆயுசு கிடைத்தது எங்கள் வீட்டில்தான். ‘உன் கடிதத்துக்குத் தலையே இல்லை’ என்று அவர் ஒவ்வொரு தடவையும் குறைப்பட்டார். என்ன சொல்லி அழைத்துத் தலை வைப்பது? என் கடிதம் நேரே ‘இங்கே எல்லாருக்கும் சுகம்’ என்றுதான் தொடங்கும். காகிதத்தில் இருமவும் முடியாதே.

கடிதம் வந்த நாளெல்லாம் மாமி, “அந்தக் கோல்காரப் பெண்ணுக்கு சுகந்தானா?” என்று கேட்பாள். முதலில் கேலி என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நிஜமான கவலை.

ஆறாவது கடிதத்தில் அவர் புத்தியைக் காட்டினார். ‘எல்லாரும் அக்கரையில் காயத்தோடு நிற்கிறார்கள். அவளை உடனே பாலம் கடக்கச் சொல்.’ கடந்தால் அவள் செத்தாள், ஆறு மாத உழைப்பும் மண்ணாகும். கடக்காவிட்டால் நான் சொல் கேட்காதவள். இரண்டு நாள் அலமாரியையே திறக்கவில்லை. மூன்றாம் நாள் மாமியிடம் கட்டத்தைக் காட்டினேன்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். “அவனுக்கு எப்பவும் அவசரமாக்கும். பெண்ணெ பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்து மக்கா. காயம் பட்டவனுவ திரும்பி இங்க வரட்டு.”

என்னை அவள் மக்கா என்றது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் கேட்டேன். “மாமி, அந்த எலேயெ எனக்கு ஒருக்கா இரவல் தருவியளா?”

மாமி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். “எடுத்துக்கோ. கடிதத்தில மட்டும். நாலு பேரு முன்னால வேண்டாம்.”

உட்கார்ந்து எழுதினேன். ‘எலே, அவளை நான் அனுப்பவில்லை. மற்றவர்களைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். ஒருவரும் சாகவில்லை. இனி உங்க ஊழம்.’

வழக்கமாக அவர் பதிலில் இரண்டு தாள் நிறையக் கட்டமும் அம்புக்குறியுமாக இருக்கும். இந்தத் தடவை ஒரே தாள், அதில் ஒரு கட்டமும் இல்லை.

‘நீ விளிச்சது இங்க கேட்டுது. கோட்டை அங்கேயே நிக்கட்டு. லீவுக்கு எழுதிக் குடுத்தாச்சு, வாறேன்.’