‘நல்லாருக்கு’ என்று சொல்லக் கூடாத வேலை

ஹெட்போன் கம்பெனியில் காது வேலை என்றால் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு நாள் முழுக்கக் கேட்டுப் பாருங்கள், சாயங்காலம் வீட்டில் கொசு பாடினாலும் எழுந்து ஓடுவீர்கள்.

நீங்களும் என் கூட்டாளிகள்தான், எனக்குத் தெரியும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு ஹெட்போன் வாங்கியிருப்பீர்கள். அரை மணி நேரத்தில் காது சுட்டிருக்கும். தலையை யாரோ இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்த மாதிரி இருந்திருக்கும். கடையில் போய்க் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். ‘போட்டுப் போட்டுப் பழகிடும்’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நானும் அந்த ஜாதி ஆள்தான். அப்படிப்பட்ட என்னைக் குறை சொல்வதற்கென்றே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

கேட்ட பக்கம் நல்லாத்தான் இருந்தது

என் பெயர் ஈஸ்வரி. விருதுநகர்ப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. கல்யாணமாகி ஹைதராபாத் வந்தேன். வீட்டுக்காரர் மௌலா அலியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். உப்பலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஹெட்போன் கம்பெனி. அங்கே பேக்கிங்கில் சேர்ந்தேன். அட்டைப்பெட்டிக்குள் ஹெட்போனை வைத்து மூடுகிற வேலை. யாரோடும் பேச வேண்டாம் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அப்போது பேக்கிங்கை மட்டும் அல்வாலுக்கு மாற்றப் போகிறோம் என்றார்கள். அல்வால் ஊருக்கு இன்னொரு மூலை. என் மகள் நிலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மத்தியானம் கூட்டி வருவது நான்தான். அவ்வளவு தூரம் போனால் அது நடக்காது. வேலையை விட வேண்டியதுதான் என்று இருந்தபோது, ஹெட்போன்களைக் கேட்டுச் சோதிக்கிற மேஜையில் ஒரு நாற்காலி காலியானது. கிரண் சார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் இன்ஜினியர், சித்தூர்க்காரர், தமிழ் பேசுவார். “ஈஸ்வரிகாரு, தசரா வரைக்கும் உட்கார்ந்து பாருங்க. சரியா வந்தா அந்தச் சீட் உங்களுக்கு. இல்லன்னா பேக்கிங்கோட அல்வால்” என்றார்.

வேலை சுலபம். ஹெட்போனை மாட்டினால் ஒரு சோதனைச் சத்தம் ஓடும். முதலில் இடது காதில் மணி, அப்புறம் வலது காதில் மணி, அடியில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம், கடைசியில் ஒரு பெண் குரல். கேட்டுவிட்டு, நல்லதா கெட்டதா என்று வாயால் சொல்ல வேண்டும். இந்த வாயால் சொல்வதுதான் வில்லங்கம். யார் வீட்டில் என்ன கொடுத்தாலும் நல்லாருக்கு என்று சொல்லியே வளர்ந்தவள் நான். முதல் நாள் வந்தது எல்லாமே எனக்கு நல்லாருந்தது. மறுநாளும் நல்லாருந்தது. கிரண் சாருக்குச் சந்தேகம் வந்து, ஒரு பக்கம் செத்துப்போன பீஸ் ஒன்றை வேண்டுமென்றே நடுவில் வைத்தார். அதற்கும் “நல்லாருக்கு சார்” என்றேன். “வலது பக்கம் கேட்டுச்சா?” என்றார். கேட்கவில்லை என்று தலையாட்டினேன். “பின்ன எப்படி நல்லாருக்கு?” என்றார். “கேட்ட பக்கம் நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்றேன். பாவம், அந்தக் காலையிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஈஸ்வரிகாரு, இது கல்யாண வீட்டுச் சாப்பாடு இல்லம்மா, குறை சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் எழுந்து போயிட மாட்டாங்க!”

ரேஷ்மாவின் நக்கோ

எனக்கு எதிர் நாற்காலியில் ரேஷ்மா. உப்பலிலேயே பிறந்து வளர்ந்தவள். தலையில் முக்காடு, அதற்கு மேலே ஹெட்போன், அதற்கும் மேலே சிரிப்பு. அவள் பாதி உருதுவும் பாதி தெலுங்கும் பேசுவாள். நான் எனக்குத் தெரிந்த தெலுங்கில் தமிழைப் போட்டுப் பேசுவேன். இரண்டு பேருக்கும் எல்லாம் புரியும். பிடிக்காத பீஸ் வந்தால் ரேஷ்மா யோசிக்கவே மாட்டாள். “நக்கோ!” என்பாள். வேண்டாம் என்று அர்த்தம். சிவப்பு ட்ரேயில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். நானும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு வாயைத் திறந்தாலே, ‘பொம்பளப் புள்ள அப்படிச் சொல்லலாமா’ என்று சின்ன வயசில் கேட்ட அதட்டல் எல்லாம் வரிசையாக வந்து தொண்டையில் நிற்கும். ‘நக்கோ’ என்று சொன்னதற்காக என்னை இதுவரை யாரும் அதட்டியதில்லையே!

ஒரு நாள் ஒரு பீஸைக் கொஞ்சம் திருப்பினால் கரகரவென்றது. கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். ரேஷ்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். “நக்கோ” என்றேன், எனக்கே கேட்காத மாதிரி. அவள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். “நக்கோ!” என்றேன். இந்தத் தடவை கொஞ்சம் கூடிவிட்டது. அந்தக் கோடியில் வயர் பற்றவைக்கிற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. அதுவும் ஹெட்போனுக்குள்ளேயே. ரேஷ்மா மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

“ஹவ், ஆமா! இப்பதான் உன் ஸ்பீக்கர் வேலை செய்யுது!”

தலைக்குக் குளித்த வெள்ளிக்கிழமை

ஒரு சொல் கையில் கிடைத்ததும் அதை நான் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்துவிட்டேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அவசரமாக ஓடிவந்தேன். எந்தப் பீஸை மாட்டினாலும் இடது மணி கிணற்றுக்குள் அடிக்கிற மாதிரி இருந்தது. நக்கோ, நக்கோ, நக்கோ. சிவப்பு ட்ரே நிரம்பிவிட்டது. வயர் பற்றவைக்கிற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பீஸைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. கிரண் சார் மாட்டிக் கேட்டார், நன்றாக இருந்தது. ரேஷ்மா கேட்டாள், நன்றாக இருந்தது. அவள் என் ஈரத் தலையைப் பார்த்தாள். சட்டென்று என் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். இடது காதிலிருந்து வெதுவெதுவென்று தண்ணீர் இறங்கியது. மணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டது.

தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. அல்வால் அல்வால் என்று என் மனசுக்குள் ஒரு மணி தனியாக அடித்தது. கிரண் சார் திட்டவில்லை. அன்றிலிருந்து காலையில் வந்ததும், நல்லது என்று தெரிந்த ஒரு பீஸை நாங்கள் இரண்டு பேரும் மாட்டிக் கேட்போம். நாங்கள் முதலில் சோதிப்பது ஹெட்போனை இல்லை, எங்கள் காதை. ஆனால் அன்றைக்கு ரேஷ்மா சொன்னது கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.

“பீஸ் எல்லாம் சரியாதான் இருக்கு, ரிட்டர்ன் அனுப்ப வேண்டியது உன்னைத்தான்!”

காது பெரிசா, குஷன் சின்னதா?

கம்பெனி வாசலில் மாற்றிக் கொடுக்கிறதற்கு ஒரு சின்னக் கவுண்டர் உண்டு. ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது தமிழ்க் குரல் கேட்டது. கோயம்புத்தூர்ப் பேச்சு. ஐ.டி.யில் வேலை செய்கிற ஒரு அக்கா, வீட்டிலிருந்தே மீட்டிங் எல்லாம் பேசுவாராம். காது வலிக்கிறது, வேறு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்தவர் சத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அக்கா சண்டை போடவில்லை. சரிங்க என்று பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் ‘சரிங்க’ என்னை என்னவோ செய்தது. அது நான் சொல்கிற சரிங்க.

படியில் இறங்கியவரைப் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன். “அக்கா, எங்க வலிக்குது?” அவர் தோட்டின் பின்னால் இருக்கிற திருகாணியைத் தொட்டுக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும் அங்கேதான் வலிக்கும். குஷன் காது மடலை அமுக்கும், திருகாணி பின்னால் போய்க் குத்தும். என் தோடுதான் மட்டம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் காது வளர்த்தி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இரண்டு பேரும் வாசலில் நின்று ஒருவர் காதை ஒருவர் பார்த்தோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! உள்ளே கூட்டிப்போய், கிரண் சாரிடம் சொல்லி, குஷன் அகலமான வேறு ஒன்றை மாற்றிக் கொடுத்தோம்.

“வலிக்குதுன்னா, உன் காதுதான் பெருசுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாருங்க, ஹைதராபாத்துல இன்னொரு பெரிய காது இருக்குன்னு இன்னைக்குப் போய்ச் சொல்லிப்போடறேன்!”

வீட்டுக்கு வந்த விருந்தாளி

அதற்கப்புறம் கிரண் சார் எனக்கும் ரேஷ்மாவுக்கும் இன்னொரு வேலை சேர்த்தார். சத்தம் மட்டும் கேட்டால் போதாது, ஒரு பீஸை வெகுநேரம் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குனிய வேண்டும், நிமிர வேண்டும், எதையாவது போட்டு மெல்ல வேண்டும். நான் தோட்டோடும் பூவோடும், அவள் முக்காட்டோடும். ஒன்றை வீட்டுக்கும் கொண்டுபோகச் சொன்னார். அதை மாட்டிக்கொண்டு சப்பாத்தி உருட்டினேன். நிலா பிடுங்கி அவள் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள். நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். எப்படிடி இருக்கு என்றேன். “வேடிகா உந்தி!” என்று கழற்றிப் போட்டாள். சூடாக இருக்கிறதாம். ஒரு முழுக் காலையும் போட்டிருந்துவிட்டு நான் சொல்லத் தயங்குவதை, அவள் ஒரு பாட்டு முடிவதற்குள் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது இது.

“பேசாம அந்த நாற்காலிக்கு இவளை அனுப்பு, சம்பளத்துக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாப் போதும்.”

முதலாளி கொண்டுவந்த புது மாடல்

தசராவுக்கு முந்தின வாரம். பேக்கிங் சாமான்களை அல்வாலுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் முதலாளி ஒரு புது மாடலை எடுத்துக்கொண்டு வந்தார். பண்டிகைக்கு விற்க வேண்டியது. பளபளவென்று கறுப்பு, சின்னக் குஷன், தலையை விட்டு நழுவாத பேண்ட். அவரே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது. காலையில் அதை என் தலையில் மாட்டிவிட்டு, டிபன் நேரத்துக்கு எல்லோரையும் கூட்டி, இன்னொரு பீஸை ஆளுக்கு ஒரு நிமிஷம் மாட்டிப் பார்க்க வைத்தார். விற்பனை பார்க்கிறவர் “சூப்பர் சார்” என்றார். கவுண்டர்காரர் “சூப்பர்” என்றார். கிரண் சாரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு “பாக உந்தி சார்” என்றார். நல்லாருக்கிறதாம். ரேஷ்மா அவள் அண்ணன் கல்யாணத்துக்கு லீவு. முதலாளி என்னைப் பார்த்தார். “ஏம்மா, நீ சொல்லு.”

நக்கோ வாய் வரைக்கும் வந்தது. ட்ரேயைப் பார்த்துச் சொல்வது வேறு, முதலாளி முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. வெளியே லாரிக்காரர் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நல்லாருக்கு என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷம், எனக்கு நாற்காலி. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் திருகாணி அந்த நேரமும் குத்திக்கொண்டேதான் இருந்தது. கோயம்புத்தூர் அக்காவின் ‘சரிங்க’ ஞாபகம் வந்தது. ஊரில் எத்தனை பேர் இதை வாங்கிவிட்டு அதையே சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். “சத்தம் நல்லாருக்கு சார்” என்றேன், தரையைப் பார்த்தபடியே. “காதுதான் பாவம்.”

தமிழில் சொன்னதைக் கிரண் சார் தெலுங்கில் சொன்னார். முதலாளி கிட்டே வந்து, எங்கே என்றார். முடியை ஒதுக்கிக் காட்டினேன். தோட்டைச் சுற்றிச் சிவந்திருந்தது. அவர் ஹெட்போனை வாங்கிக் கிரண் சார் தலையில் மாட்டி, “கொஞ்ச நேரம் இரு” என்றார். டீ வந்தது. டீ முடிவதற்குள் கிரண் சார் நெளிந்தார். “சார், என் கண்ணாடிக் கம்பி கொஞ்சம்… நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன்.” விற்பனைக்காரர் மெல்ல, “எனக்கும் உச்சந்தலையில லேசா…” என்றார். கவுண்டர்காரரும் காதைத் தடவிக்கொண்டார். முதலாளிக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. “அப்ப இவ்வளவு நேரம் சூப்பர்னு சொன்னது யாரு?” குஷனைப் பெரிசாக்கி, பேண்டைத் தளர்த்திய பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்றார். ஆசையாகக் கொண்டுவந்ததைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்போது அவர் முகம் வாடித்தான் இருந்தது. கிரண் சார் என் விஷயத்தை எடுத்து, “சார், இவங்க டிரையல் இந்த வாரத்தோட முடியுது, பேக்கிங்குக்கு…” என்று ஆரம்பித்தார். முதலாளி கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஐயையோ, அங்க அனுப்பிடாதப்பா, இந்தம்மா போய் அட்டைப்பெட்டி சரியில்லன்னு சொல்லும், இங்கயே உட்கார வை!”

வேலை நிலைத்துவிட்டது, ஆனாலும் பக்கத்து வீட்டில் கொடுக்கிற ஆறிப்போன டீயை இன்றைக்கும் நல்லாருக்கு என்று சொல்லித்தான் குடிக்கிறேன், அங்கே உண்மை பேசுவதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை பாருங்கள்.