ஸ்பீக்கர்ல போடு

எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் மஸ்கட் வரும். திண்டிவனத்தில் என் மாமியார் வீட்டு ஹாலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டவர்கள் எழுந்து போக மாட்டார்கள். கடைசி 'அருள் நிறைந்த மரியே' சொன்ன கையோடு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மாமியார், மாமனார், பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்ததால் பாதி நாள் இங்கேயே இருக்கும் நாத்தனார், கடைசியில் நான். மாமியாரின் போன் நடுவில் ஒரு பிஸ்கட் டப்பாவின் மேல் சாய்ந்திருக்கும். அது அடித்ததும் நாத்தனார் சொல்வாள்.

"ஸ்பீக்கர்ல போடும்மா."

அந்தப் பக்கம் இருந்தது என் கணவர். கல்யாணமாகி மூன்றாம் மாதம் மஸ்கட்டுக்கு வெல்டிங் வேலைக்குப் போனவர். நெட் நன்றாக இருந்தால் வீடியோ, இல்லாவிட்டால் வெறும் குரல். எதுவாக இருந்தாலும் தெருவில் போகிறவனுக்கும் கேட்கும். மாமியார் பேசுவார், மாமனார் பேசுவார், நாத்தனார் பேசுவாள். எல்லாம் முடிந்து போன் சூடாகியிருக்கும்போது, "நீயும் ரெண்டு வார்த்த பேசும்மா" என்று என் பக்கம் திருப்புவார்கள். திருப்பிவிட்டு மூன்று பேரும் என் வாயையே பார்ப்பார்கள்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன்."

அவ்வளவுதான். கட்டின புருஷனோடு முதல் ஒரு வருஷம் நான் பேசியது சாப்பாட்டைப் பற்றித்தான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் பரிமாறுகிறவரோடு இதைவிட அதிகம் பேசியிருக்கிறேன்.

எனக்கு வாய் ஜாஸ்தி என்று பிறந்த வீட்டிலேயே பெயர். அதனால் இதை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் என் முறை வந்தபோது போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஹலோ சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

"உள்ள போயி இன்னாமா ரகசியம்? எங்களுக்குத் தெரியாம இன்னா பேசிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"புருஷன் பொண்டாட்டி பேசறத பேசிக்கினு இருக்கோம் அத்த."

அதற்குப் பிறகு நான்கைந்து நாள் வீட்டில் யாரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் அடுத்த நாள் என் கணவரே ஸ்பீக்கரில், அத்தனை பேர் முன்னால், "அம்மா மனசு நோவக் கூடாது, ஹால்லயே பேசேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அப்போ உங்க அம்மாவயே கேளுங்க நான் சாப்டனான்னு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த சத்தம் மஸ்கட்டுக்கே கேட்டிருக்கும்.

மாமியார் போனில் அவர் கூப்பிடுகிற அதே ஆப்பை என் போனிலும் போட்டுப் பார்த்தேன். பயனில்லை. அவருடைய போனில் நெட் வருவது சாயங்காலம் ரூமுக்கு வந்த பிறகுதான், அதுவும் எட்டுப் பேருக்கு ஒரு வைஃபை. அந்த நேரம் எங்கள் ஹாலுக்கென்று எழுதி வைத்த நேரம். பகலில் சைட்டில் நெட் கிடையாது.

இதற்கிடையில் மாடி வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டின் மேலே இன்னொரு வீடு கட்டுவது என் மாமியாரின் கனவு. அந்தக் கனவுக்காகத்தான் என் கணவர் போனது, அந்தக் கனவுக்காகத்தான் அங்கே இருந்தது. வீடியோ வந்த நாளெல்லாம் மாமியார் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைப் படியில் ஏறுவார். "இது பாரு, இந்த ஜன்னலு ரோட்டுப் பக்கம். இது பாரு, உனக்கு அட்டாச்சு பாத்ரூமு." நாத்தனார் டார்ச் அடிப்பாள், மாமனார் செங்கல்லைத் தட்டிக் காட்டுவார். போன் சுவரைப் பார்த்துக்கொண்டே போகும். அவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். பின்னாலேயே போய் மாமியாரின் தோளுக்கு மேலே எட்டி நான் மட்டும் திரையில் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

நான் விழுப்புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். காலையில் பஸ் பிடித்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகு உட்கார இடம் கிடைத்து, கடைக்குப் போனால் நாள் முழுக்க முகம் பார்க்கிற வேலை. யாருக்கு எந்த ஃபிரேம் பொருந்தும், யார் கண்ணைச் சுருக்குகிறார்கள், யார் தெரியாததைத் தெரிகிறது என்று சொல்கிறார்கள், எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அதனால்தான் அது எனக்குப் பட்டது என்று நினைக்கிறேன். இல்லை, பொண்டாட்டி என்பதால் பட்டிருக்கலாம்.

இரண்டாம் வருஷக் கோடையில் ஒரு நாள் வீடியோவில் அவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார். ரூமுக்குள், டியூப் லைட்டுக்குக் கீழே.

"பாருடா, ஷோக்கு பண்ணிக்கினு வந்துட்டான்" என்று மாமனார் சிரித்தார். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. நாத்தனார் அந்தக் கோலத்தைப் படம் பிடித்து அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பினாள்.

மறுநாளும் கூலிங் கிளாஸ். அதற்கு மறுநாள் நெட் சரியில்லை என்று வெறும் குரல். பிறகு ஒரு வாரம் வெறும் குரல்தான். மறுபடி வீடியோ வந்தபோது மறுபடி அதே கிளாஸ், அதிலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்திருந்தார். மாமியார் ஜன்னலுக்கு மேலே போட்ட லிண்டலைக் காட்டிக்கொண்டிருந்தார். "தெரியுதாடா?" "தெரியுதும்மா, நல்லா இருக்குது." லிண்டல் இருந்த பக்கம் டார்ச்சே அடிக்கவில்லை. போனில் வெறும் இருட்டுத்தான் இருந்தது. தெரிகிறதாம்.

"கண்ணுக்கு இன்னா?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

"ஒண்ணும் இல்லியே. ஸ்டைலு."

"வந்ததும் வராததுமா ஏம்மா அவன நோண்டற?" என்றார் மாமியார்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். இந்த ஸ்பீக்கரில் உண்மை வராது. அம்மா பயப்படுவாள் என்று அவர் சொல்ல மாட்டார். மகன் நன்றாக இருக்கிறான் என்று நம்புவது இவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது, அதனால் இவர்களும் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் கடைக்கு எதிரில் இருக்கும் ரீசார்ஜ் கடையில் போய் என் போனில் வெளிநாட்டுக்குப் பேச ஐஎஸ்டி போடச் சொன்னேன். கடைக்கார அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்போ யாரும்மா ஐஎஸ்டி எல்லாம் போடறாங்க? எல்லாம் நெட்டுல தான பேசறாங்க?"

"நான் போடறேங்க்கா. போட்டு வுடுங்க."

வெயில் காலத்தில் அங்கே மத்தியானம் வெளிவேலையை நிறுத்திவிடுவார்கள். நமக்கு மூன்று மணி என்றால் அங்கே ஒன்றரை. கடையில் சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர் டேங்க் நிழலில் நின்றேன். முன்னால் இரண்டு பூஜ்யம், பிறகு 968, பிறகு அவர் எண். ஒவ்வொன்றாக அழுத்தினேன்.  

"ஹலோ, யாரு?" நெட் இல்லாத சாதாரண போன் காலாக இந்தியாவிலிருந்து அவருக்கு யாரும் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோயிருந்தார். "அம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல. நான்தான். மொட்ட மாடில நிக்கறேன். இங்க யாரும் இல்ல, ஸ்பீக்கர்லயும் இல்ல. உங்க கண்ணுக்கு இன்னா?"

 அவர் அழுதார். என் கணவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கிரைண்டிங் செய்யும்போது இரும்புத் தூள் தெறித்து வலது கண்ணில் விழுந்திருக்கிறது. அங்கே ஒரு கிளினிக்கில் எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது சீழ் பிடித்து ஆறி, இப்போது கருவிழியில் பூ விழுந்திருக்கிறது. அந்தக் கண்ணில் எல்லாம் புகையாகத் தெரிகிறது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தினமும் வெல்டிங் வைக்கிறார்.

"பெரிய டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இங்க லீவு தர மாட்டேன்றாங்க. மாடி தளம் மட்டும் போட்டுடட்டும். அப்பறம் வந்து பாத்துக்கலாம். அம்மாகிட்ட சொல்லாத, தாங்காது."

"எனக்குத் தாங்குமா?"

 நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தேற்றியிருப்பார், நானும் தளம் போடும் வரை பொறுத்திருப்பேன். அதனாலேயே அழவில்லை.

"இங்க இருக்க முடியல எனக்கு" என்றார் கடைசியில், மெதுவாக. முதல் வருஷத்திலிருந்தே முடியவில்லையாம். ஹாலில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

"இன்னிக்கு ராத்திரி வீடியோல வாங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்று வைத்தேன்.

அன்றைக்கு ஜெபமாலையில் என் மனம் ஒரு மணியிலும் நிற்கவில்லை. மாதாவிடம், நீங்களும் ஒரு மகனைப் பெற்றவர்தானே, என் பக்கம் நில்லுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். போன் அடித்தது. மாமியார் வழக்கம்போல எடுத்துக்கொண்டு படியேறப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். சரி, பிடுங்கினேன். சத்தத்தை முழுக்க ஏற்றி, பிஸ்கட் டப்பாவின் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன்.

"கிளாஸக் கழட்டுங்க."

"ஏய், இன்னா நீ..."

"கழட்டுங்க. இவ்ளோ நாளு இவங்க செவுத்தக் காட்டுனாங்க, நீங்க பாத்தீங்க. இன்னிக்கு நீங்க காட்டுங்க, இவங்க பாக்கட்டும்."

அவர் கழற்றினார். கேமராவுக்குப் பக்கத்தில் வந்தார். வலது கண்ணின் கறுப்பில் வெள்ளையாக அது தெரிந்தது. மாமியார் குனிந்து விரலால் திரையைத் துடைத்துப் பார்த்தார். அழுக்கில்லை என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினி நாளா ராசா?" என்று அவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"இன்னிக்கு மத்தியானம் தெரிஞ்சுது. நானே போன் பண்ணிக் கேட்டேன் அத்த. ஐஎஸ்டி போட்டு."

"ஐஎஸ்டியா?" என்றார் மாமனார். மகனுடைய கண்ணைப் பார்த்த அதிர்ச்சியிலும் அவருக்கு அதுதான் காதில் விழுந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வந்துட்டா திரும்பிப் போறது பேஜாரு. தளத்த மட்டும் போட்டுட்டா..." என்று இழுத்தார்.

"மாமா, மாடிக்குக் கண்ணு வேணாம். அவருக்கு வேணும்."

 நாத்தனார் போனை எடுத்து அணைக்கப் போனாள். மாமியார் அவள் கையைத் தட்டிவிட்டார். என்னைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்: "நீயே சொல்லு, ஜல்தியா வரச் சொல்லு. நான் சொன்னா ஒடஞ்சிடுவேன்."

சொன்னேன். ஆனால் சொன்ன உடனே அனுப்புகிற இடமா அது. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது, இன்றைக்கு நாளைக்கு என்றார்கள். அவருடைய சூப்பர்வைசர் ஒரு மலையாளி. அவர் எண்ணை வாங்கி, தினமும் மூன்று மணிக்குத் தண்ணீர் டேங்க் நிழலிலிருந்து கூப்பிட்டேன். முதலில் மரியாதையாகப் பேசினார், பிறகு எரிந்து விழுந்தார், பிறகு எடுக்கவே இல்லை. எடுக்கும் வரை அடித்தேன். "சேச்சி, இனி விளிக்கண்டா" என்றார் ஒரு நாள், இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று. "அவரு பிளைட் ஏறுற அன்னிக்கு நிறுத்திடறேங்க. அதுவரைக்கும் நாளைக்கும் கூப்புடுவேன்" என்றேன். என் தமிழ் அவருக்குப் புரிந்தது. மழைக்கு முன்னாலேயே என் கணவர் வந்து சேர்ந்தார்.

புதுச்சேரியில் டாக்டர் பார்த்தார். முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். அது எனக்கும் தெரியும். இடது கண் நன்றாக இருக்கிறது, வலதில் பாதி வெளிச்சம் வருகிறது. எங்கள் கடையிலேயே ஒரு ஃபிரேம் எடுத்தேன், அவர் முகத்துக்கு நானே பொருத்திப் பார்த்து. வெல்டிங் வேண்டாம் என்று, இப்போது திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறார். மாடி தளமில்லாமல் அப்படியே நிற்கிறது. அதில் துணி காயவைக்கிறோம், நன்றாகக் காற்று வருகிறது. பூசை முடிந்து கோயிலிலிருந்து வெளியே வந்தால் யாராவது கேட்பார்கள், "மறுபடி எப்போ போறாரு?" அவர் வாயைத் திறப்பதற்குள் "போவல" என்று நான் சொல்லிவிடுவேன். புருஷனைப் பேச விடாதவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். எடுத்தால் எடுத்துவிட்டுப் போகிறேன்.

போன வாரம் விழுப்புரத்தில் பஸ் ஏறியதும் அவர் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்துவிட்டாராம், எனக்குப் பிடிக்குமே என்று மல்லாட்டைக் கடலை அவித்து வைத்திருக்கிறாராம். முண்டியம்பாக்கம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டில் ஆரம்பித்தாலும் அது சாப்பாட்டைப் பற்றிய பேச்சில்லை. நடுவில் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"யாருடா போன்ல? அவளா? ஸ்பீக்கர்ல போடு."

நான் காத்திருந்தேன். அம்மாவிடம் இல்லை என்று சொல்லத் தெரியாமல் ஒரு கண்ணையே கொடுத்தவர் அவர்.

"மாட்டேம்மா" என்றார். "நான் எம் பொண்டாட்டியோட பேசிக்கினு இருக்கேன்."