நீச்சல் குளத்து மாயவன்

ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வாங்கி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக அலசி, துப்பாமல் விழுங்குகிறார் மாயவன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலைக் காலனியின் நீச்சல் குளத்துத் தண்ணீர் அது. காலையில் ஆறு ஆபீசர்கள் குளித்தது. பார்க்கிற நமக்குத்தான் குமட்டுகிறது. "மருந்து இன்னும் நாக்கப் புடிக்குதுங்க. ரெண்டு நா காயட்டும்" என்கிறார். மருந்து என்றால் ப்ளீச்சிங் பவுடர்.

குளத்தைக் கழுவுவது, காலி செய்வது, நிரப்புவது எல்லாம் இவர்தான். காலனி வேலைக்கு வருமுன் முப்பது வருஷம் ஊரார் வயல்களுக்குத் தண்ணீர் கட்டியவர். அந்தப் புத்தி போகவில்லை. வால்வு என்று சொல்ல வாயே வராது, "மடை" என்பார். கம்பெனி கொடுத்த காக்கி டவுசரை அழுக்குப்படாமல் மடித்துவைத்துவிட்டுக் கோவணத்தோடு குளத்தில் இறங்குவார். கிளப் செக்ரட்டரி இளையபெருமாள் எத்தனை தடவை கத்தியும் அது மாறவில்லை.

கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குளத்தைக் காலி செய்ய வேண்டும். சாக்கடையில் போக வேண்டிய தண்ணீரை, வாய்க்கால் வெட்டி, பின்சுவர் ஓட்டை வழியாகப் பொன்னாயியின் அரைக் காணி நிலத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார். இருவரும் ஒரே தெரு. "சாக்கடையில வுட மனசு வரலீங்க. தண்ணியில்லீங்களா அது?"

போன கோடையில்தான் வினை வந்தது. மருந்து கொட்டிச் சுவரைத் தேய்த்த தண்ணீரை யோசிக்காமல் அப்படியே திறந்துவிட்டார். பொன்னாயியின் வெண்டைக் கன்றுகள் இரண்டே நாளில் கருகிப்போயின. அவள் ஓட்டையை முள்ளும் மண்ணும் போட்டு அடைத்தாள். அவரோடு பேச்சையும் நிறுத்தினாள். அதிலிருந்துதான் இந்த நாக்குப் பரீட்சை; அவள் என்றைக்கு ஓட்டையைத் திறந்தாலும் நல்ல தண்ணீர் போகவேண்டுமாம். காலி செய்ய நாலு நாள் இருக்கும்போதே மருந்தை நிறுத்திவிடுவார். குளம் பாசி பிடித்துப் பச்சையாகும். ஆலை லேபில் வேலை பார்க்கும் நான் தினமும் அதில் குளிக்கிறவன். காரணம் தெரியாமல் செக்ரட்டரியிடம் புகார் சொன்னேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

இந்த மே மாதம் பொன்னாயியின் கிணறு வற்றிவிட்டது. மிளகாய்ச் செடிகள் காலை பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டன. ஒருநாள் பார்த்தால், ஓட்டையில் இருந்த முள்ளையும் மண்ணையும் அவளே எடுத்திருந்தாள். பேச்சு மட்டும் இல்லை. மாயவனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து, என் புகாரின் பேரில், வெள்ளிக்கிழமை செக்ரட்டரி பக்கத்தில் நின்று இரண்டு மடங்கு மருந்தைக் கொட்டவைத்தார். சனிக்கிழமை காலை வேறு உத்தரவு.

"திங்கக்கிழமை மெட்ராஸ்லேருந்து டைரக்டர் வர்றார். இப்பவே காலி பண்ணிப் புதுசா நிரப்பு."

"சாயங்காலம் வரைக்கும் வுடுங்க சார்."

"எதுக்குய்யா?"

"ஆத்தணும்ங்க."

செக்ரட்டரி தலையில் அடித்துக்கொண்டு போனார். மாயவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாளியில் மொண்டு தலைக்குமேல் தூக்கி ஊற்றினார். டீக்கடைக்காரர் டீ ஆற்றுகிற மாதிரிதான். "இந்த வெயிலுக்கு மருந்து தானாவே போயிடும்யா. நான் லேப்ல பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"ஒங்க கண்ணாடிக் குழா சொல்லட்டும்ங்க. எனக்கு நாக்கு சொல்லணும்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. நானும் ஒரு வாளியோடு இறங்கினேன். ஐந்து மணிக்கு ஒரு மடக்குக் குடித்தார், கண்ணை மூடி நின்றார், இன்னொரு மடக்குக் குடித்தார். பிறகு மடையைத் திறந்தார்.

தண்ணீரோடு நடந்து பின்சுவருக்குப் போனோம். சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னாயி வரப்பில் மண்வெட்டியோடு நின்றாள். தண்ணீர் காலடிக்கு வந்தும் வரப்பை வெட்டிச் செடிக்கு விடவில்லை. அவரைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள்: "இவரு குடிச்சுப் பாத்தாராங்க?"

"வயிறு முட்டக் குடிச்சாரும்மா."

வரப்பை வெட்டினாள்.

ஞாயிறு முழுக்க மோட்டார் ஓடியது. திங்கள் காலை குளம் தளதளவென்று நிறைந்து கிடக்க, டைரக்டர் மல்லாந்து மிதந்தார். "எங்கய்யா அந்த ஆளு?" என்று செக்ரட்டரி குதித்தார். எனக்குத் தெரியும், நேரே பின்பக்கம் போனேன். மாயவன் மிளகாய்ப் பாத்தியில் குந்தி, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிலும் கருகல் இல்லை. செடிகள் நிமிர்ந்து நின்றன.

பொன்னாயி சொம்பில் கூழோடு வந்தாள். குனிந்து இரண்டு பச்சை மிளகாயைக் கிள்ளி அவர் கையில் வைத்தாள்.

"குடிங்கண்ணே."

மாயவன் தோள் துண்டை இழுத்துக் கண்ணை அழுந்தத் துடைத்தார். "மொளவா செமக் காரம்ங்க சார்" என்றார் என்னைப் பார்த்து. கையிலிருந்த மிளகாயை அவர் இன்னும் கடிக்கவே இல்லை.